மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையைக் குடும்பமாகச் சேர்ந்து கடப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் அக்காவின் மார்பகக் கட்டியிலிருந்து திசு எடுத்துச் சோதித்த பயாப்சியின் முடிவு வந்த அன்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. பெரியப்பா குடும்பம், அத்தானின் அலுவலக நண்பர்கள், எதிர் வீட்டு மாமி, கோயில் குழுவினர் என்று பதினேழு பேருக்குக் காப்பி போட்டோம். அதில் பாதியை அக்காவே போட்டாள். மூன்று வாரம் கழித்து, முதல் கீமோவின் பத்தாம் நாள் இரவு பதினொன்றரை மணிக்கு அவளுக்குக் காய்ச்சல் ஏறியபோது, மருத்துவமனைக்கு உடன் வர ஆள் தேடித் தொலைபேசியில் ஒவ்வொருவராக எழுப்பிக்கொண்டிருந்தோம். வந்தவர்கள் யாருக்கும் அன்பில் குறைவில்லை. எந்த வேலை யாருடையது என்பதை மட்டும் நாங்கள் எவரும் பேசி வைத்திருக்கவில்லை. அந்த ஓராண்டில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை, இனி இந்தப் பாதையில் போக வேண்டியிருக்கும் குடும்பங்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். மருந்து, அளவு, சிகிச்சை முறை ஆகியவற்றில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவானது. இங்கே உள்ளவை சுற்றி நிற்பவர்கள் செய்ய வேண்டியவை.

முதல் படி: நோயாளியிடம் மறைக்காதீர்கள்

நம் வீடுகளில் முதலில் நடப்பது ஒளித்து வைப்பதுதான். ‘சாதாரணக் கட்டி என்று சொல்லியிருக்கிறோம், நீங்கள் எதுவும் பேசிவிடாதீர்கள்’ என்று மருத்துவரின் அறைக்கு வெளியிலேயே அவரை மறித்துக் கேட்டுக்கொள்ளும் மகன்களை எந்தப் புறநோயாளிப் பிரிவிலும் பார்க்கலாம். மனம் உடைந்துவிடக் கூடாது என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் நடைமுறையில் இது இரண்டு நாள்கூடத் தாங்குவதில்லை. காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் ‘உங்களுக்கு எத்தனையாவது கீமோ?’ என்று கேட்டுவிடுவார். வார்டின் பெயர்ப்பலகையே சொல்லிவிடும். அதற்குப் பிறகு நோயாளி தனக்குத் தெரியும் என்பதை வீட்டாரிடமிருந்து மறைக்கத் தொடங்குவார். ஒரே வீட்டில் இரண்டு தரப்பும் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டிருக்கும்போது, வாயில் புண் வந்திருக்கிறது என்பதையோ விரல்கள் மரத்துப்போகின்றன என்பதையோ யார் யாரிடம் சொல்வது?

சொல்வதற்கு ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். கணவரோ மகளோ, நோயாளி யாரிடம் மனம் விட்டுப் பேசுவாரோ அவர் சொல்லட்டும். அல்லது அவரையும் உடன் அமர்த்திக்கொண்டு மருத்துவரே சொல்லட்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. ‘எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாய்?’ என்று கேட்டுவிட்டு, கேட்ட அளவுக்கு உண்மையைச் சொன்னால் போதும். என் அக்கா நோயின் பெயரையும் சிகிச்சையையும் முழுதாகத் தெரிந்துகொண்டாள். எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்ற எண் மட்டும் வேண்டாம் என்றாள். அந்த எண் அத்தானிடமே இருந்தது.

பள்ளி செல்லும் குழந்தைகள் இருந்தால் அவர்களிடமும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு வந்திருக்கும் நோயின் பெயர், மருந்தினால் முடி கொட்டும் என்பது, இது தொட்டால் ஒட்டிக்கொள்ளாது என்பது, அவர்கள் செய்த எந்தத் தவறாலும் வரவில்லை என்பது ஆகிய நான்கும் அவர்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். கடைசியில் உள்ளதைப் பெரியவர்கள் அநேகமாகச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இரண்டாம் படி: எவ்வளவு காலம் ஆகும் என்பதைக் கணக்கிடுங்கள்

உதவிக்கு வருபவர்கள் மனத்தில் பெரும்பாலும் ஓர் அறுவை சிகிச்சையின் கால அளவுதான் இருக்கும். பத்து நாள் ஓடியாடி உழைத்துவிட்டு ஓய்ந்துபோவார்கள். மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சை அப்படி முடிவதில்லை. பயாப்சித் திசுவில் ஈஆர், பிஆர் (ஹார்மோன்களை ஏற்கும் புரதங்கள்), ஹெர்2 (கட்டியின் வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) ஆகிய மூன்றையும் சோதித்த பிறகே எந்த மருந்து என்பது முடிவாகும். வழக்கமாகக் கொடுக்கப்படும் முறைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டால், 21 நாளுக்கு ஒரு முறை வீதம் நான்கு கீமோ, அதன் பிறகு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு கீமோ என்று இதற்கே ஏறத்தாழ ஆறு மாதம் ஆகிவிடும். இதற்கு முன்போ பின்போ அறுவை சிகிச்சை, தேவைப்பட்டால் மூன்று முதல் ஐந்து வாரம் ரேடியேஷன், ஹெர்2 பாசிட்டிவ் என்றால் ஓராண்டுக்கு டிராஸ்டுசுமாப் ஊசி, ஈஆர் பாசிட்டிவ் என்றால் ஐந்து முதல் பத்தாண்டு வரை தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை என்று கணக்கு நீளும்.

ஆகவே மருத்துவர் திட்டத்தைச் சொன்னதும் பெரிய மாதக் காலண்டர் ஒன்றை வாங்கி, கீமோ நாள்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். ஒவ்வொரு கீமோவுக்கும் பின் வரும் ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வேறொரு நிறத்தில் கோடு போடுங்கள். தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் ரத்தத்தில் பெரும்பாலும் குறையும் காலம் அதுதான். பொங்கல், பிள்ளையின் பொதுத்தேர்வு, நெருங்கிய உறவில் கல்யாணம் ஆகியவற்றையும் குறித்துவிட்டால், எந்த வாரத்துக்கு வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டும் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே கேட்டாக வேண்டிய மூன்று கேள்விகள் உண்டு. நோயாளி இளம்வயதினராக இருந்தால், பின்னாளில் குழந்தை பெற்றுக்கொள்வதற்காகக் கருமுட்டையைச் சேமித்து வைக்கும் வழி பற்றிக் கீமோவுக்கு முன்னரே கேட்க வேண்டும்; பிறகு கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். சொத்தைப் பல் இருந்தால் முன்கூட்டியே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டுமா என்று கேளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால், கீமோவோடு கொடுக்கப்படும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால், அந்த நாள்களில் மாத்திரை அல்லது இன்சுலின் அளவை யார் மாற்றித் தருவார் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இதற்கு ஒரு டாக்டர் என்று இருக்கும்போது இந்தக் கேள்வி இருவருக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

மூன்றாம் படி: கோப்பு

கட்டைப் பையில் எக்ஸ்ரேயும் ரசீதும் மாத்திரை அட்டையும் கலந்து கிடப்பதை மருத்துவர் முன்னால் கொட்டித் தேடுவது பலருக்கும் பழகிய காட்சி. நெகிழி உறைகள் கொண்ட கோப்பு ஒன்றை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். பயாப்சி, திசுச் சோதனை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கீமோ விவரம், பணம் என்று தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் புதியது மேலே இருக்குமாறு வையுங்கள். எல்லாத் தாள்களையும் கைப்பேசியில் படமெடுத்து இருவரிடம் வைத்திருங்கள். முதல் பக்கத்தில் நோயாளியின் மருத்துவமனை எண், ரத்த வகை, ஒவ்வாத மருந்துகள், தினமும் சாப்பிடும் பிற மாத்திரைகள் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். நள்ளிரவில் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

ஒரு சிறு விவரத்தைப் பலர் அறியாமல் அலைகிறார்கள். இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது பயாப்சி அறிக்கைத் தாள் மட்டும் போதாது. திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் அவர்கள் கேட்பார்கள். அவற்றைப் பரிசோதனைக் கூடத்தில் எழுதிக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம். பிளாக்கை மஞ்சள் பைக்குள் போட்டு, வெயிலில் நிற்கும் காரின் முன்கண்ணாடியருகே வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அது மெழுகு.

நான்காம் படி: வேலைகளுக்குப் பெயர் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். ‘எது வேண்டுமானாலும் சொல்லுங்கள், செய்கிறோம்’ என்பவரிடம் எதையும் சொல்ல வாய் வராது; கேட்பவருக்குக் கூச்சம், சொன்னவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. அதற்குப் பதிலாக ‘செவ்வாய்க்கிழமை மாலை பாப்பாவை டியூஷனிலிருந்து அழைத்து வர முடியுமா?’ என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் முடியும் என்பார்கள். முடியாதவர்கள் முடியாது என்று சொல்வதும் அப்போது எளிதாகிறது.

மருத்துவரோடு பேசுவதற்கு ஒரே ஒருவர் வேண்டும். எங்கள் வீட்டில் அது நான். ஒவ்வொரு முறையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் கேள்விகளை முன்னிரவே எழுதிக்கொண்டு போய், பதில்களை அங்கேயே எழுதிக்கொள்வேன். நாளுக்கொருவர் மாறி மாறிப் போனால், போன முறை என்ன சொன்னார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. மருத்துவரும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

உறவினர்களுக்குச் செய்தி சொல்ல வேறொருவர் வேண்டும். இந்த இருவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது அனுபவத்தில் கண்டது. அத்தானின் தம்பி ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, வாரம் ஒரு முறை நான்கு வரி எழுதிப் போட்டார். அதற்கு முன் நாளொன்றுக்கு இருபது அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் அதே கதையைத் திரும்பச் சொல்லியே அத்தான் களைத்துப்போயிருந்தார். என்ன எழுதலாம் என்பதை மட்டும் நோயாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மார்பு, எந்த ஸ்டேஜ் என்பதெல்லாம் ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்குத் தெரிய வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

மற்ற வேலைகளைத் தாளில் எழுதி எதிரே பெயரைப் போடுங்கள். இரவு அவசரத்துக்கு வண்டியோடு வருபவர் ஒருவர், அவர் ஊரில் இல்லாதபோது வருபவர் இன்னொருவர். பிள்ளைகளின் பள்ளி, வீட்டுப்பாடம், மதிய டப்பா. மாத்திரை வாங்குதல். மின் கட்டணம், எரிவாயு, தண்ணீர் லாரி. வயதான மாமியார் இருந்தால் அவருடைய மாத்திரைகள், கண் மருத்துவமனை. நோயாளி பெண்ணாக இருக்கும் வீடுகளில் இந்தப் பட்டியல் திடுக்கிட வைக்கும் நீளத்துக்குப் போகும், ஏனெனில் இதுவரை அவ்வளவையும் அவர் ஒருவரே செய்திருப்பார். எங்கள் தாளில் முப்பத்தொரு வேலைகள் வந்தன. அதை அத்தான் இரண்டு முறை படித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ரத்தம் கொடுக்கக்கூடியவர்களின் பட்டியல் தனியாக இருக்கட்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை ஐந்து நாள் அளவுக்குத்தான் சேமித்து வைக்க முடியும் என்பதால், தேவைப்படும்போது கூப்பிட்டால் வரக்கூடிய கொடையாளர்களின் பட்டியல்தான் உதவும். முழு ரத்தம் கொடுத்த ஆண் அடுத்த முறை கொடுக்க மூன்று மாதமும் பெண் நான்கு மாதமும் காத்திருக்க வேண்டும். எனவே ஆர்வக்கோளாறில் எல்லா நண்பர்களையும் ஒரே நாளில் வரிசையில் நிறுத்திவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: பணமும் பயணமும்

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. புற்றுநோய்க்கான அறுவை, கீமோ, ரேடியேஷன் ஆகியவை இதில் அடங்கும். காப்பீட்டு அட்டை இல்லையென்றால், குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்யலாம். பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இதற்கென்றே ஒரு தொடர்பு அலுவலர் இருப்பார். சேர்வதற்கு முன்பே அவரைப் பார்த்து, எந்தச் சோதனை திட்டத்துக்குள் வரும், எது கையிலிருந்து போகும் என்று கேட்டுவிட வேண்டும். இந்த வேலைக்கு, அலுவலகங்களில் பொறுமையாக நிற்கப் பழகிய ஓர் உறவினரைப் பொறுப்பாக்குங்கள். எந்தக் குடும்பத்திலும் அப்படி ஒரு சித்தப்பா இருப்பார்.

அடையாறு புற்றுநோய் நிறுவனம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியால் 1954இல் தொடங்கப்பட்டது. இன்றும் பல மாவட்டங்களிலிருந்து அங்கே வருகிறார்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவு அரசுப் புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவையும் வெளியூர் நோயாளிகள் தேடிப் போகும் இடங்கள். ஆனால் பெரிய ஊருக்குப் போவது ஒன்றே நல்ல சிகிச்சை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திட்டத்தைப் பெரிய மருத்துவமனையில் வகுத்துக்கொண்டு, வாராந்தரக் கீமோவை உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு வாரம் இரவு ரயிலில் போய் வருவது உடம்பைக் கரைத்துவிடும்.

ரயிலில் போவதானால், சிகிச்சைக்காகப் பயணிக்கும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் செல்லும் ஒருவருக்கு 75 விழுக்காடு சலுகை. அதற்குரிய படிவத்தில் மருத்துவமனையின் கையொப்பமும் முத்திரையும் வாங்கி முன்பதிவு நிலையத்தில் காட்ட வேண்டும்.

நகையை அடகு வைப்பதற்கும் நிலத்தை விற்பதற்கும் முன்னால், மொத்தச் செலவு எவ்வளவு ஆகும் என்பதை எழுத்தில் கேளுங்கள். முதல் மாதப் பதற்றத்தில் விற்ற நிலத்தின் பணம் தேவையே படவில்லை என்று பின்னர் வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். பணமாக உதவ விரும்பும் நண்பர்கள், கையில் கவரைத் திணிப்பதைவிட ‘ஆறு மாதத்துக்கு மருந்துக்கடைக் கணக்கு என்னுடையது’ என்று சொன்னால், வாங்குபவரின் கௌரவமும் காக்கப்படும்.

ஆறாம் படி: கீமோ நாளும் அடுத்த 21 நாளும்

முந்தைய நாள் ரத்தப் பரிசோதனை எடுத்து, வெள்ளையணுக்கள் போதுமான அளவு இருந்தால்தான் ஊசி போடுவார்கள். குறைந்திருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போகும். அதை ஒரு பின்னடைவாக எண்ணிக் கலங்க வேண்டாம், அடிக்கடி நடப்பதுதான். உடன் செல்பவர் பையில் சால்வை, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை அல்லது நைட்டி, தண்ணீர், எலுமிச்சம்பழம், வாந்திக்கு ஒரு பிளாஸ்டிக் பை, கைப்பேசிச் சார்ஜர் ஆகியவை இருக்கட்டும். டாக்சோரூபிசின் என்ற சிவப்பு நிற மருந்து ஏறும் முறைகளில், அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தமில்லை, மருந்தின் நிறம். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் அக்கா கழிப்பறையிலிருந்து என் பெயரைச் சொல்லி அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. ஊசி ஏறும் கையில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்லாமல் உடனே செவிலியரை அழைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பின் முதல் 48 மணி நேரம் வாந்தி, சிறுநீர், மலம் ஆகியவற்றில் மருந்து வெளியேறிக்கொண்டிருக்கும். கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள். சுத்தம் செய்பவர் கையுறை அணியட்டும். அழுக்கான துணிகளைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை அவரிடம் விடாதீர்கள். மற்றபடி நோயாளியைத் தொடவும் அருகில் படுக்கவும் கட்டிக்கொள்ளவும் தடை ஏதுமில்லை; தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கி வைக்க எந்தக் காரணமும் கிடையாது.

குமட்டலுக்கான மாத்திரைகளை வாந்தி வந்த பிறகு தேடாமல், எழுதிக் கொடுத்த நேரப்படி கொடுத்துவிட வேண்டும். ஆன்டன்செட்ரான் போன்ற மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கும். மூன்றாம் நாள் வரை வயிறு போகவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாய்ப்புண்ணுக்கு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் சிட்டிகை உப்பும் கலந்து ஒரு நாளில் பல முறை கொப்பளிக்கலாம். பல்துலக்கி மிக மென்மையானதாக இருக்கட்டும்.

காய்ச்சலைப் பற்றித் தனியாகவும் அழுத்தமாகவும் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி கட்டாயம் வேண்டும். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டால் அது சாதாரணக் காய்ச்சல் ஆகாது. பாரசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருந்தால், வெப்பம் மட்டும் இறங்கும், உள்ளே தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாக வளர்ந்துவிடக்கூடும். இரவு எத்தனை மணியானாலும் மருத்துவமனை கொடுத்த எண்ணை அழைத்துவிட்டுக் கிளம்புங்கள். வண்டி கிடைக்கவில்லையென்றால் 108. போனவுடன் அவசரப் பிரிவில் ‘கீமோ நோயாளி, இத்தனையாம் நாள், காய்ச்சல்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அன்றிரவு நாங்கள் அதைச் சொல்லாமல் வெறுமனே காய்ச்சல் என்று சொல்லி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஒன்றே கால் மணி நேரம் கழித்துக் கோப்பைப் பார்த்த ஒரு செவிலியர்தான் பதறிப்போய் உள்ளே அழைத்துச் சென்றார்.

முதல் கீமோவுக்குப் பின் இரண்டு, மூன்று வாரத்தில் தலைமுடி உதிரத் தொடங்கும். தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடப்பதைப் பார்ப்பதைவிட, முன்பே குட்டையாக வெட்டிக்கொள்வது சிலருக்கு ஆறுதல். இதிலும் முடிவு அவருடையதே. எங்கள் பெரியம்மா திருப்பதிக்கு நேர்ந்துகொண்டதாக நினைத்துக்கொள் என்று சொல்லி, தானும் உடன் மொட்டையடித்துக்கொண்டார். அழகான செய்கைதான்; ஆனால் அதைப் பார்த்த பிறகுதான் அக்கா முதல் முறையாக வாய்விட்டு அழுதாள்.

ஏழாம் படி: சமையலறை

சமைப்பவருக்கு முதல் பாடம், தாளிக்கும் வாசனை. கடுகும் வெங்காயமும் எண்ணெயில் பொரியும் மணம், நேற்றுவரை பசியைத் தூண்டியது, கீமோவுக்குப் பின் ஒரு வாரத்துக்கு வாந்தியை வரவழைக்கும். நோயாளியின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அவர் தூங்கும் நேரத்தில் சமைத்து, ஆறிய பின் கொடுங்கள். சூடான உணவைவிட ஆறிய உணவில் மணம் குறைவு. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு சிறு வேளைகளாகப் பிரியுங்கள். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், பருப்புக் கடைசல், நன்றாக வேகவைத்த முட்டை, மீன், கோழி, பயறுக் கஞ்சி ஆகியவை போதும். புரதம் குறையாமல் பார்த்துக்கொண்டால் மற்றவற்றை நாக்கின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். வாயில் இரும்புச் சுவை தெரிகிறது என்று சொன்னால் எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் மரக்கரண்டியைக் கொடுத்துப் பாருங்கள். வெளியில் வெட்டி வைத்த பழம், தெருவோரச் சாறு, சமைக்காத முட்டை ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது.

முள்சீத்தா இலைக் கஷாயம், கோதுமைப்புல் சாறு, பப்பாளி இலைச் சாறு, பெயர் எழுதாத டப்பாவில் வரும் லேகியம் என்று வீடு தேடி வருபவை ஏராளம். கொண்டுவருபவர்களின் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் கீமோ மருந்துகளைக் கல்லீரலும் சிறுநீரகமும்தான் உடைத்து வெளியேற்றுகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை அதே வேளையில் அவற்றின் மேல் ஏற்றுவது ஆபத்து. ‘டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுக்கிறோம்’ என்று வாங்கி வையுங்கள். பிறகு உண்மையிலேயே காட்டுங்கள். சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளரும் என்று பயந்து, ஏற்கெனவே எடை குறைந்து வருபவருக்குச் சோற்றையும் பழத்தையும் நிறுத்துவதும் தவறு.

எட்டாம் படி: அறுவையும் கரண்ட் வைப்பதும்

அறுவை முடிந்து வீடு திரும்பும்போது பக்கவாட்டில் ஒரு குழாயும் நீர் சேரும் புட்டியும் தொங்கும். அதில் சேரும் அளவை நாள்தோறும் ஒரே நேரத்தில் மில்லிலிட்டரில் எழுதி வைக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் குழாயை எடுப்பது பொதுவான வழக்கம். அக்குளில் நெறிகட்டிகளை எடுத்திருந்தால் அந்தக் கையில் ஊசி, ரத்தம் எடுத்தல், பிபி பார்த்தல் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். கை வீங்காமல் இருக்கவும் தோள் இறுகிப்போகாமல் இருக்கவும் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளைத் தினமும் செய்ய வேண்டும். சுவரில் விரல்களால் மேலே ஏறும் பயிற்சிக்கு, எட்டிய உயரத்தில் நாள்தோறும் பென்சில் கோடு போட்டு வந்தாள் அக்காவின் இளைய மகள். வெள்ளையடிக்காமல் விட்ட அந்தச் சுவரில் கோடுகள் இன்னும் இருக்கின்றன.

ரேடியேஷனை நம் ஊர்களில் கரண்ட் வைப்பது என்பார்கள். அந்தப் பெயராலேயே ஷாக் அடிக்கும் என்று பயப்படுபவர்கள் உண்டு. எக்ஸ்ரே எடுப்பதைப் போல வலியே தெரியாது. வாரத்தில் ஐந்து நாள், ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான். வெளியிலிருந்து கொடுக்கப்படும் இந்தக் கதிர்கள் உடலில் தங்குவதில்லை. வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கலாம். தோலில் மையால் போட்ட அடையாளங்களை அழித்துவிடக் கூடாது. அந்த இடத்தில் மஞ்சள், பவுடர், தைலம் எதையும் கேட்காமல் தடவக் கூடாது. இந்தக் கட்டத்தில் நோயாளிக்கு வேண்டியது தினமும் உடன் போய் வரும் துணை. ஐந்து நாளுக்கு ஐந்து பேர் என்று நண்பர்களைப் பிரித்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

ஒன்பதாம் படி: பார்க்க வருபவர்கள்

மாலை ஐந்து முதல் ஆறு வரை என்று ஒரு நேரம் வைத்து, குழுவில் அறிவித்துவிடுங்கள். சளி, இருமல், அம்மை உள்ளவர்களும் அவர்கள் வீட்டுக் குழந்தைகளும் அப்புறம் வரட்டும். வருபவர்கள் செருப்பைப் போலவே ‘எங்கள் தெருவில் ஒருத்திக்கு இப்படித்தான் வந்து’ என்று தொடங்கும் கதைகளையும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். ‘ரொம்ப இளைத்துவிட்டாயே’ என்பது நோயாளிக்குத் தெரியாத செய்தியும் இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டில்கள் எங்கள் அலமாரியில் பதினான்கு சேர்ந்தன. அவற்றைவிட, வந்த வேகத்தில் பாத்திரம் துலக்கிவிட்டுப் போன எதிர் வீட்டு மாமியின் அரை மணி நேரம் பெரியது. நோயைப் பற்றிப் பேச விரும்பாத நாளில் சீரியலைப் பற்றியும் காய்கறி விலையைப் பற்றியும் பேசுங்கள்.

பத்தாம் படி: வலியும் மனமும் கவனிப்பவரும்

வலி இருந்தால் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். மார்ஃபின் எழுதிக் கொடுத்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று பொருள் கொள்ளாதீர்கள். வலிக்குரிய மருந்தாக மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பவர் அதற்கு அடிமையாகிவிடுவது அரிது. வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக வலி தணிப்புச் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தூக்கமின்மையும் அழுகையும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம். 14416 என்ற டெலிமனஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசியில், தமிழிலும் பேசலாம்.

முலையை இழந்த பெண்ணுக்கு, கணவர் தன்னை எப்படிப் பார்ப்பார் என்ற அச்சம் உள்ளே ஓடும், கேட்கமாட்டார். காயத்துக்குக் கட்டு மாற்றும் வேலையை மகளிடம் தள்ளிவிடாமல் கணவரே ஒரு முறையாவது செய்வது, அந்தக் கேள்விக்கு ஒருவகையில் பதிலாகிறது. அத்தான் அதை இரண்டாம் வாரம் செய்தார். கை நடுங்கியது என்று அக்கா பிற்பாடு சிரித்துக்கொண்டே சொன்னாள்.

முழுநேரமும் உடனிருப்பவருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுப்பு கொடுங்கள், அவர் கேட்காவிட்டாலும். மருத்துவமனை வராந்தாவில் பாய் விரித்துத் தூங்கும் அவருக்கும் பிபி மாத்திரை, முதுகுவலி, அலுவலக விடுப்பு எல்லாம் உண்டு. ‘நீ எப்படி இருக்கிறாய்?’ என்று அவரைத் தனியே கேட்கும் வேலைக்கும் அந்தத் தாளில் ஒரு பெயர் எழுதப்பட வேண்டும்.

பதினோராம் படி: சிகிச்சை முடிந்த பிறகு

கடைசி ஊசியன்று இனிப்பு கொடுத்துவிட்டு எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். நோயாளிக்குச் சோர்வு இன்னும் பல மாதம் இருக்கும்; விரல் மரப்பு மெல்லத்தான் குறையும்; மறுபடி வந்துவிடுமோ என்ற பயம் சிகிச்சை நடந்தபோது இருந்ததைவிடக் கூடுதலாக இருக்கும். வேலைப் பட்டியலைக் கிழித்துவிடாமல் பாதியாகக் குறைத்து இன்னும் ஆறு மாதம் தொடருங்கள். ஹார்மோன் மாத்திரையை நடுவில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளவும், மருத்துவர் குறித்த நாளில் மறுபரிசோதனைக்கு உடன் போகவும் ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும்.

எங்கள் அக்காவுக்கு முடி சுருள் சுருளாக வளர்ந்திருக்கிறது. முதல் மறுபரிசோதனைக்கு நான் கோப்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றபோது, அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, ‘இனி நானே தூக்கிக்கொள்கிறேன், நீ தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்’ என்று சொல்லி ஆட்டோவில் ஏறினாள்.